மூன்று வீட்டிலும் ஒரே பாட்டு

சங்கரன்கோவிலில் பெண் பார்த்துவிட்டு, ஒரு தாயும் மகனும் கல்யாணத் தரகரும் வாசுதேவநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வந்தார்கள்.

“அண்ணாச்சி, இனிமே பாட்டுப் பாடாத பிள்ளையாப் பாருங்க” என்றாள் அந்த அம்மாள்.

“ஏன் மதினி, நல்லாத்தானே பாடுனாளுவ?” என்றார் தரகர்.

“மூணு வீட்டுலயும் அதே சினிமாப் பாட்டு. புருசன் பொஞ்சாதியை விட்டுட்டுப் போற பாட்டு. பொண்ணு பாக்க வந்த எடத்துல பாடுத பாட்டா அது?”

“ஊரே அதைத்தான் பாடுது. கொட்டகைல நீங்களும் கேட்டு அழுதியளே.”

“கொட்டகைல அழுதா சரி. எம் மகன் முன்னால எதுக்கு அழணும்? அவன் என்ன ஓடியா போயிட்டான்?”

மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, நீ சொல்லு. எவளைப் பிடிச்சிருக்கு?”

“ரெண்டாவது வீட்டுப் பிள்ளையை.”

“அவ பாதியிலேயே நிறுத்திட்டாள்லா?”

“நீ அடுக்களைக்குள்ள போனப்ப, ஏன் நிறுத்துனேன்னு கேட்டேன். அடுத்த அடியில புருசன் போயிருவான், அதான் நிறுத்திட்டேன்னு சொன்னா.”

அம்மாள் தரகர் பக்கம் திரும்பினாள்.

“கல்யாணத்துல மேளக்காரரையும் அந்த அடிக்கு முன்னால நிறுத்திரச் சொல்லுங்க அண்ணாச்சி.”