அழுததா என்று கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் மாநகர ஆணையர் அவர்களே, மாநகர நல அலுவலர் அவர்களே, எனக்கு முன்பு பேசி அமர்ந்திருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, மருமகனே, இன்றும் நாலு தெரு ஏறி இறங்கிவிட்டு அடையாள அட்டையைக் கழற்றாமலே இங்கு வந்திருக்கும் களப்பணியாளர் சகோதரிகளே, புள்ளிவிவரப் பிரிவின் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். இப்படி ஒரு காரணத்துக்காக உங்கள் முன் நிற்பேன் என்று நான் நினைத்ததில்லை.

நம் தலைமைப் புள்ளியியலாளர் அம்மையார் மறைந்து ஒரு வாரம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவர். நுரையீரலில் கிருமி பரவி, மருந்துக்கு மட்டுப்படாமல் போய்விட்டார். ஏன் இதை விவரித்துச் சொல்கிறேன்? காலமானார் என்று மொட்டையாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "எதனால?" என்று கேட்பார். நகரத்தில் இறந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டவர். அவருக்கு மட்டும் நாம் கேட்காமல் விடலாமா?

முன்னால் பேசியவர்கள் இதை ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள். மக்கள் கடலெனத் திரண்டிருக்கிறார்கள் என்றார்கள். அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அம்மையார் இங்கே இருந்திருந்தால், "கடல்னா எத்தனை பேரு? நாற்காலிய எண்ணினாத் தெரிஞ்சிடும்ல?" என்றிருப்பார். எங்கள் அறிக்கைகளில் 'கணிசமான', 'பெருமளவு', 'வியத்தகு' போன்ற சொற்களை அடித்து அடித்தே அவருடைய சிவப்புப் பேனாக்கள் தீர்ந்தன. ஆகவே அடைமொழியைக் குறைத்துக்கொண்டு பேச முயல்கிறேன். ஒலிபெருக்கியைக் கண்டால் எனக்கு வாய் நீண்டுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்காக எங்கள் வேலையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. குலுக்கிப்போட்டது போல, பாரபட்சமில்லாமல் சில ஆயிரம் வீடுகளைத் தேர்ந்தெடுத்துப் போவோம். இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், என்ன நோய் என்று கேட்போம். அதை வைத்துத்தான் இந்த நகரம் ஆரோக்கியமாக இருக்கிறதா இல்லையா என்று தெரியும். எங்கே செவிலியர் வேண்டும், எங்கே கட்டில் வேண்டும் என்று தெரியும். அவ்வளவுதான் எங்கள் தொழில். கதவைத் தட்டுவது, கேட்பது, எழுதுவது.

அடுத்த மாதம் இந்த முறைக்கான கணக்கெடுப்பு தொடங்குகிறது. கேள்வித்தாள் நீளமாக இருக்கிறது, சுருக்க வேண்டும் என்று ஒரு கோப்பு வந்து என் மேசைமேல் கிடக்கிறது. அதில் நீக்கச் சொல்லியிருப்பது முக்கியமாக ஒரு கேள்வியை. அது அம்மையார் எழுதிய கேள்வி. அவர் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கும் நான் கையெழுத்துப் போட்டால் அந்தக் கேள்வி போய்விடும். இரங்கல் கூட்டத்தில் கோப்பைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசாமல் எப்படி?

அது பிறந்த கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கணக்கெடுப்பில் சிசு மரண விகிதம் நன்றாகக் குறைந்து வந்தது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது பதினான்கு. நகரமே துள்ளிக் குதித்தது. விருது ஒன்று வருவதாகப் பேச்சு. அப்போதிருந்த ஆணையர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார் என்று எங்கள் ஜீப் ஓட்டுநர் வந்து சொன்னார். ஓட்டுநர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவர்தானே தையல்கடைக்கு அழைத்துப் போனவர்.

எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது அம்மையார் மட்டும் ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய், "என்ன மேடம், தேநீர்கூடக் குடிக்காம?" என்றேன்.

"தம்பி, இதப் பாருங்க. பொறந்த அன்னிக்கே செத்த குழந்தைங்க. ஏறக்குறைய யாருமே இல்ல."

"நல்லதுதானே மேடம்?"

"நல்லதுதான். ஆனா அப்படி ஒரு ஊரு உலகத்துல எங்க இருக்கு? ஒரு குழந்தைக்கு வாழ்க்கையிலயே ஆபத்தான நாளு மொத நாளு. அன்னிக்கு யாருமே சாகல, அடுத்த வாரம் மட்டும் சாகறாங்கன்னா, நம்ம கணக்குல என்னமோ கோளாறு. செத்துப் பொறந்ததுங்கிற கட்டத்தப் பாருங்க, எப்படி ஊதியிருக்கு."

நான் பார்த்தேன். எனக்குத் தேநீர் கசந்துவிட்டது.

விஷயம் இதுதான். பிறந்து, ஒரு முறை அழுது, சற்று நேரத்தில் அடங்கிப்போன குழந்தைகள் பல, இறந்தே பிறந்தவை என்று எழுதப்பட்டுவிட்டன. இதில் சதி ஒன்றுமில்லை. உயிரோடு பிறந்து இறந்தால் பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும், ஏன் இறந்தது என்று பிரசவ அறையில் விசாரணையும் வரும். இறந்தே பிறந்தது என்றால் ஒரே ஒரு தாளோடு முடிந்துவிடும். வீட்டிலும் அதுவே வசதி. உயிரே இல்லாமல் வந்தது என்று சொன்னால் பெற்றவளுக்கு மனசு ஆறும் என்று நினைப்பார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தோடு சேர்ந்து பூசி மெழுகிய கணக்கு அது.

அம்மையார் சும்மா இருப்பாரா? இறந்து பிறந்ததாகச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போக வேண்டும் என்றார். முதல் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அவரே போனார். மூன்றாவது மாடி. ஒரே அறை. ஜன்னலோரம் ஒரு தையல் எந்திரம், அதன்மேல் பள்ளிச் சீருடைத் துணி குவியலாக. தைத்துக்கொண்டிருந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நான் கதவுக்கு வெளியே படிக்கட்டில் நின்றேன். உள்ளே அந்தப் பெண்ணின் மாமியார் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் கேட்டார். "குழந்தை பொறந்ததும் அழுதுச்சாம்மா? மூச்சு விட்டுச்சா, கை கால் ஏதாவது அசைச்சுச்சா?"

எந்திரம் நின்றுவிட்டது. மாமியார்தான் பதில் சொன்னார். "அது செத்துத்தாங்க பொறந்துச்சு. ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துட்டாங்களே."

அம்மையார் மாமியாரைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் திரும்பவும் அந்தப் பெண்ணிடமே பார்வையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். எவ்வளவு நேரம் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் இருமியாவது இருப்பேன்.

"அழுதுச்சு" என்றார் அந்தப் பெண். "சின்னதா. ஒரே ஒரு தடவ. நான் கேட்டேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். மயக்க மருந்துல அப்படித் தோணும்னுட்டாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. யாரும் கேக்கல மேடம். நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க."

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

உயிருடன் பிறந்த பெண் குழந்தை என்று அம்மையார் எழுதினார். எழுதியதைத் திருப்பி அந்தப் பெண்ணிடம் காட்டினார். அவர் அதை வாசித்துவிட்டு, முகத்தைச் சீருடைத் துணியில் புதைத்துக்கொண்டார். எங்களை வழியனுப்ப வந்த மாமியாருக்கு ஆத்திரம். "ஆறிப்போன புண்ணு. இதக் கிளறி என்ன ஆகப்போகுது?" என்றார்.

"உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லம்மா. மன்னிச்சுக்குங்க" என்றார் அம்மையார். "செத்துப் பொறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில யாரும் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. அழுத குழந்தைக்குச் செய்ய வேண்டியது இருந்துச்சு. செய்யலன்னு எழுதினாத்தான் அடுத்த குழந்தைக்காவது பக்கத்துல ஒரு ஆளு நிப்பாங்க." மாமியார் கதவை மெதுவாகச் சாத்தினார்.

இப்படி வீடு வீடாகப் போனோம். எல்லா இடத்திலும் அழுதது என்று வரவில்லை. உண்மையிலேயே இறந்து பிறந்தவையும் உண்டு. இல்லை என்ற பதிலையும் அவர் அதே மரியாதையோடு எழுதினார். கூட்டிப் பார்த்தபோது பதினான்கு இருபத்தொன்று ஆனது. விருது போனது. 'சிசு மரணம் எகிறியது' என்று செய்தி வந்தது. குழந்தைகளின் சாவு எகிறவில்லை, தெரிந்தது, அவ்வளவுதான். அதைத் தலைப்பில் போட எந்தப் பத்திரிகைக்கு இடம் இருந்தது?

அந்த ஆணையர் அவரை அழைத்தார். நானும் உடன் போனேன். "உங்க ஒரு கேள்வியால ஊர் மானமே போச்சு" என்றார் அவர்.

அம்மையார், "கேள்வியால யாரும் சாகல சார்" என்றார்.

அடுத்த வாரம் அம்மையாரை நாய் உரிமப் பிரிவுக்கு மாற்றினார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். அங்கே போனவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நகரத்து நாய்க் கணக்கும் தப்பு என்று குறிப்பு எழுதி அனுப்பினார். ஒரே நாயை இரண்டு தெருக்காரர்கள் எண்ணியிருக்கிறார்களாம். அந்தப் பிரிவில் அவருக்கு முன்பு யாருக்கும் தலைவலி வந்ததில்லை.

ஆனால் அந்த இருபத்தொன்றை யாராலும் திரும்பப் பதினான்காக்க முடியவில்லை. அச்சாகிவிட்டது. மருத்துவக் கல்லூரி முதல்வர் சற்று முன்பு அடக்கமாகச் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் சண்டை போட்டு, எல்லாப் பிரசவ அறைகளிலும் சிசுவுக்கு மூச்சு வரவழைக்கும் மேசையும், இரவு பகலாக ஒரு பயிற்சி பெற்ற செவிலியரும் வாங்கிக் கொடுத்தார். அழுததா என்ற கேள்வியும் கேள்வித்தாளில் சேர்ந்து நடந்த அடுத்த கணக்கெடுப்பில் முதல் நாள் சாவு குறைந்தது. இந்த முறை நிஜமாகவே குறைந்தது. அம்மையாரை நாய்களிடமிருந்து மீட்டு மறுபடி எங்களிடம் கொடுத்தார்கள்.

அவர் இளகிய மனம் படைத்தவர் என்று யாரும் இங்கே சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. சிடுசிடுப்பு அதிகம். பாராட்டத் தெரியாது. களப்பணிக்குப் புதிதாக வந்த பெண்களைப் பயிற்சியில் அவர் படுத்தின பாட்டை இந்தச் சகோதரிகளே சொல்லட்டும். ஒரு நாள் ஒரு பெண், "கேட்டுட்டேன் மேடம், பதில் வரல, அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்" என்றாள். அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா?

"நம்ம பாஷையில கேக்கறதுன்னா ரெண்டு வேல. வாயால கேக்கறது ஒண்ணு. காதால கேக்கறது ஒண்ணு. நீங்க பாதி வேலதான் பாத்திருக்கீங்க. பாதிச் சம்பளம் வாங்கிக்கறீங்களா?"

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு பழக்கம். அந்தக் கேள்வி வந்ததும் பேனாவை மூடிவிட வேண்டும். கேட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்க்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, ஆறுதல் சொல்லவும் கூடாது. அவர்கள் பேசும்வரை காத்திருக்க வேண்டும். நண்பர்களே, இந்த நகரத்தில் எத்தனையோ தாய்மார்கள் தங்கள் குழந்தை உயிரோடு வந்தது என்பதை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அந்தக் காத்திருப்பில்தான். இதை ஒரு சேவை என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. சரியான எண் வேண்டும் என்றுதான் சொல்வார். அந்த எண்ணுக்குள் ஒரு பெண் குழந்தையின் ஒற்றை அழுகை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்தப் படிக்கட்டில் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இருபது வருடத்தில் அவர் அப்படி நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இப்போது கோப்புக்கு வருகிறேன். அதில் சொல்லியிருக்கும் காரணங்களை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தக் கேள்வி தாய்மார்களை அழ வைக்கிறது என்கிறார்கள். உண்மை. அந்த ஒரு கேள்வியில் நேரம் போகிறது, ஒரு நாளில் முடிக்கும் வீடுகள் குறைகின்றன என்கிறார்கள். அதுவும் உண்மை. மருத்துவமனைப் பதிவையே எடுத்துக்கொண்டால் போதுமே என்கிறார்கள். அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தப் பதிவில் இருந்ததையே வீட்டிலும் சொல்லி, நாங்களும் அப்படியே எழுதியதால்தானே பதினான்கு வந்தது? இந்த ஆண்டும் நகரங்களுக்கான தரவரிசை வரப் போகிறது என்பதும், ஓர் எண் குறைந்தால் பலருக்கு நிம்மதி என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆணையர் அவர்கள் இப்போதுதான் பொறுப்பேற்றிருக்கிறார். இதில் அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்.

அம்மையாரைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது மூச்சுக் குழாய் மாட்டியிருந்தார்கள். மகள் கட்டிலருகே இருந்தார், அவருக்கு ஞாபகம் இருக்கும். வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று மகள் கண்ணால் எச்சரித்தும், அம்மையார் விடவில்லை. "கேள்வித்தாள் அச்சுக்குப் போயாச்சா?" என்றார். நான் கோப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு, "நீங்க என்ன சொன்னீங்க தம்பி?" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன் மேடம்" என்றேன்.

"சரி. யோசிங்க" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தார். நான் பதில் சொல்வதற்குள் செவிலியர் வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவரோடு பேச எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பெரியோர்களே, சகோதரிகளே, இப்படிப்பட்ட கூட்டங்களில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது வழக்கம். அது எளிது. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான் கொஞ்சம் செலவாகும் விதத்தில் சொல்ல விரும்புகிறேன். ஆணையர் அவர்களே, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தக் கோப்பில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. நாளைக் காலை அதைக் காரணங்களோடு உங்களிடம் திருப்பி அனுப்புவேன். இந்த ஆண்டு எண் ஏறினால் ஏறட்டும். அதைச் சொல்லப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நானே உட்காருகிறேன். எனக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. நாய் உரிமப் பிரிவில் நாற்காலி காலியாக இருக்கிறதாம், விசாரித்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

களப்பணியாளர் சகோதரிகளே, நாள் ஒன்றுக்கு இத்தனை வீடு என்று உங்களை யாராவது விரட்டினால் என்னிடம் அனுப்புங்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

மேடம், அன்று நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், நான் பதில் சொல்லவில்லை. யோசித்துவிட்டேன். கேட்போம்.