சீர் தடைபடக் கூடாது

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், டாக்டரம்மா. எனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. தேவாரத்திலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததிலேயே தொண்டை கட்டிவிட்டது.

என் பெயர் மாரீஸ்வரி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறானே விஜயபாண்டி, அவனுக்கு அக்கா. நீங்கள் வைத்தியம் பார்க்கிற அனுசுயாவுக்கு நாத்தனார். வீட்டு ஆட்களிடம் தனித்தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னீர்களாம். நல்ல ஏற்பாடு. எங்கள் ஆட்களைக் கூட்டமாக உட்கார வைத்தால் யார் முதலில் அழுவது என்பதிலேயே பொழுது போய்விடும்.

அனுசுயா ஏன் தாம்பாளத்தைக் கண்டால் நடுங்குகிறாள் என்று என் தம்பியிடம் கேட்டிருக்கிறீர்கள். அவனுக்கு என்ன தெரியும்? வீட்டிலிருந்த தட்டு தாம்பாளத்தையெல்லாம் அவள் மாட்டுக்கொட்டத்தில் வைக்கோலுக்குள் செருகி வைத்தது தெரியும். கோயிலில் பூசாரி தட்டை நீட்டினால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது தெரியும். சாயங்காலமானால் சீனித்தண்ணீரைக் குடித்துவிட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அசைகிறதா என்று பார்த்தபடி கிடப்பதும் தெரியும். பிள்ளை போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. வெறும் வயிற்றில் என்ன அசையும்? காரணம் எனக்குத்தான் தெரியும். அதனால்தான் கிடந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தேன்.

என்னைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அனுசுயாவைப் பெண் பார்க்கப் போனதே நான்தான். சின்னமனூரில் அவள் வீட்டில் கேசரியில் சீனி தூக்கலாக இருந்தது; அதைக்கூட நான் வெளியே சொல்லவில்லை. அவள் உண்டானபோது அவளுடைய அம்மாவுக்கு முந்தி எனக்குத்தான் சந்தோஷம். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வந்தார்கள். நான்தான் நிறுத்தி வைத்தேன். என் மூத்த மகள் ஆளாகி, சடங்குக்கு நாள் குறித்திருந்தோம். தாய்மாமனும் அவன் பெண்டாட்டியும் ஜோடியாக வந்து நிற்காமல் சீருக்கு என்ன லட்சணம்?

இந்தச் சீர் விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். என் ஓரகத்தி ராமுத்தாயும் நானும் ஒரே தெரு. எங்கள் சடங்குக்கு முந்தின வருஷம் அவளுடைய மகளுக்கு அவள் தம்பி சீர் கொண்டுவந்தபோது கேரளாவிலிருந்து செண்டை மேளம் வந்தது. தட்டு வரிசை தெருமுனை தாண்டி நின்றது. அதற்குப் பிறகு அந்த மகராசி என்னிடம் பேசுகிற பேச்செல்லாம் "ஒனக்கும் தம்பி இருக்காக, பாப்போம்" என்றுதான் முடியும். என் தம்பிக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம். அவன் லாரியில் சீர் ஏற்றி, போடி ஏலக்காயில் ஆளுயரத்துக்கு மாலை கட்டி, ஆட்டுக்கிடாய்க்குக்கூடப் பட்டுத்துண்டு போட்டுக் கொண்டுவருவதாக இருந்தான். பிளெக்ஸ் போர்டில் அவனும் அனுசுயாவும் கும்பிட்டபடி நின்றார்கள். அவளுடைய வயிறு தெரியாதபடி வெட்டி ஒட்டச் சொன்னதுகூட நான்தான், கண்பட்டுவிடக் கூடாதே என்று. அவ்வளவு அக்கறை எனக்கு.

சடங்கு ஞாயிற்றுக்கிழமை. அனுசுயா ஒத்தாசைக்காக ஒரு வாரம் முன்னாலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியில் வந்து நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மதினி, நேத்துலருந்து புள்ள சரியா அசையல மதினி. அவுகளுக்குப் போன் போட்டு வரச் சொல்லவா? ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்."

"எட்டாம் மாசம் புள்ளைக்கு உள்ளாற எங்கிட்டு எடம் இருக்கு, ஆடுறதுக்கு? நான் ரெண்டு பெத்தவ. சீனித்தண்ணியக் குடிச்சிட்டு எடது பக்கமாச் சாஞ்சு படு ஆத்தா. தன்னால அசையும்."

சொன்னபடி கேட்கிற பெண் அவள். குடித்தாள், படுத்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததையும் மறந்து உட்கார்ந்திருந்தேன். அதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அங்கே உட்கார்ந்துதான் நிதானமாக யோசித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் சும்மா திருப்பி அனுப்ப மாட்டார்கள். படுக்க வைப்பார்கள், கிழிப்பார்கள், பிள்ளையை வெளியே எடுப்பார்கள். உயிரோடு எடுத்தால் பிள்ளைத் தீட்டு. போய்விட்டது என்றால் சாவுத் தீட்டு. எப்படிப் பார்த்தாலும் தாய்மாமனுக்குத் தீட்டு. தீட்டுக்காரன் சீர்த்தட்டைத் தொடக் கூடாது, மண்டபத்துப் படியையும் மிதிக்கக் கூடாது. சரி, தள்ளிவைக்கலாம் என்றால் மண்டபம் மறுபடி எப்போது கிடைக்குமோ. அதுவரை ராமுத்தாய் வாயை யார் மூடுவது? நீங்கள் படித்தவர். என் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

சனிக்கிழமை அவள் மறுபடியும் கேட்டாள். அழுதுகொண்டே கேட்டாள். வீடு நிறையச் சொந்தபந்தம், அவர்கள் முன்னால் அழுதால் நன்றாகவா இருக்கும்? மாடி அறையில் படுக்க வைத்தேன். செல்போன் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி அதை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் அம்மாவுக்குப் பேசியிருந்தால் அந்தம்மா சின்னமனூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து கலாட்டா பண்ணியிருக்கும். தம்பி வந்து, "அனு எங்கக்கா?" என்று கேட்டான். "அசதியாத் தூங்குறா, எழுப்பாத" என்றேன். அவன் லாரிக்குத் தார்ப்பாய் கட்டப் போய்விட்டான். ஆம்பிளைகளைச் சமாளிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீர் வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராமுத்தாய்க்கு வந்த செண்டையைவிட எனக்கு வந்தது பெரிய கூட்டம். அனுசுயா பட்டுச்சேலையில் என் தம்பி பக்கத்தில் நின்றாள். வேர்த்து ஊற்றியது, ஆனால் நின்றாள். "சடங்கு முடியட்டும், விடிஞ்சதும் நானே கூட்டிப் போறேன், அதுவரைக்கும் அவன்கிட்டச் சொல்லாத" என்று சொல்லி வைத்திருந்தேன். போட்டோக்காரன் கேட்டதால் ஒரு தாம்பாளத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நாலு வளையலும் ஒரு சீப்புப் பழமும் இருந்த தட்டு. படம் எடுத்ததும் நானே திருப்பி வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் அந்தத் தாம்பாளத்தின் கதை.

திங்கட்கிழமை விடிந்ததும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆண்பிள்ளை. மூக்கும் முழியுமாக என் தம்பியை உரித்து வைத்திருந்தது. அவளிடம் காட்ட வேண்டாம் என்று சொன்னது நான். பார்த்தால் மறக்க முடியாதே. தோட்டத்து ஓரத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். இடத்தையும் அவளிடம் சொல்லவில்லை. பால் கட்டிக்கொண்டபோது துணியை இறுக்கிக் கட்டிவிட்டதும் நான்தான். இத்தனையும் செய்தவளை ஒரு வார்த்தை யாராவது பாராட்டினார்களா?

அங்கிருந்த டாக்டர் வராந்தாவில் வைத்து என்னிடம், "வெள்ளிக்கிழமையே கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமேம்மா" என்றார். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். அவனிடம் நான், "ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதாம்டா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அனுசுயா விடவில்லை. கட்டிலில் கிடந்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நான் ஒங்ககிட்ட வெள்ளிக்கெழமையே சொன்னேன்ல?"

இந்தக் கேள்வியை அவள் புருஷன் காதில் போட்டால் என்ன ஆவது? அக்கா தம்பி உறவு என்ன ஆவது? குடும்பம் என்றால் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். அதனால் அவள் தலையைத் தடவிக்கொடுத்து மெதுவாகச் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம நல்லாத்தானே இருந்துச்சு? நீ மண்டபத்துல தாம்பாளத்தத் தூக்குனதுதான் ஆத்தா வெனையாப் போச்சு. அந்தப் பாரம் அடிவயித்துல எறங்கிருச்சு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத."

அதற்குப் பிறகு அவள் வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "நான்தான் கொன்னுட்டேன்" என்று அவளாகவே சொன்னாள். எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். நானும் தேற்றினேன். அவள் மறந்துவிடுகிற மாதிரி தெரிந்தால் மட்டும் லேசாக ஞாபகப்படுத்துவேன். தீபாவளிக்குக்கூடப் பலகாரத் தட்டை நீட்டி, "பாத்துத் தூக்கு ஆத்தா" என்றேன். அது இப்படிக் கைநடுக்கத்தில் கொண்டுவந்து விடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன உங்களைப் போல டாக்டருக்கா படித்திருக்கிறேன்?

எழுதிக்கொள்ளுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை என் கை அவள் வயிற்றில் இருந்தபோது அது அசைந்தது. அவள் கண்ணயர்ந்திருந்தாள், அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை, என் உள்ளங்கைக்கு நேராக, ரொம்ப மெதுவாக. உயிர் இருந்தது. நான் கையை எடுத்துக்கொண்டு மறுபடி முறுக்குச் சுடப் போனேன்.

உங்களை நம்பித்தான் சொல்லியிருக்கிறேன். என் சின்ன மகளும் இன்றைக்கோ நாளைக்கோ ஆளாகிவிடுவாள். அதற்குள் அனுசுயாவைச் சபையில் நிற்கிற அளவுக்காவது தேற்றிக் கொடுத்துவிடுங்கள். நான் சொன்னதை மட்டும் அவள் காதில் போட்டுவிடாதீர்கள். இளகின மனசு, டாக்டரம்மா. பெற்ற தாயைவிட என்மேல்தான் அவளுக்குப் பாசம்; இதெல்லாம் தெரிந்தால் தாங்க மாட்டாள், பாவம்.