நாற்பத்திரண்டாவது நோட்டீஸ்

காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஐயா. இருபத்தாறு வருடம் நீதிமன்ற நோட்டீசுகளை வீடுவீடாகக் கொடுத்தவன் சொல்கிறேன்.

விவாகரத்தில் இரண்டு வகை. எதிர்த்து நடப்பது, எதிர்ப்பில்லாமல் முடிவது. வித்தியாசத்தை வக்கீல்கள் ஒரு மணி நேரம் விளக்குவார்கள். என்னைக் கேட்டால், எதிராளி வந்தால் ஒன்பது வருடம். வராவிட்டால் நாலு மாதம். ஒன்பது என்பது என் சொந்த அனுபவம். நானும் விடவில்லை, என் மனைவியும் விடவில்லை. எங்கள் மகள் வாய்ப்பாடு படித்தது நீதிமன்ற வராந்தாவில்.

அந்தப் பாடு பிறருக்கு வேண்டாம் என்று நினைத்தேன். நோட்டீசைக் கொடுக்காமல், பின்புறம் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்பிவிடுவேன். சட்டப்படி அது கொடுத்ததற்குச் சமம். விஷயமே தெரியாததால் எதிராளி வரமாட்டார்; வழக்கு ஒருதலையாக முடியும். நாற்பத்தொரு குடும்பங்கள். யாரிடமும் ஒரு காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை.

போன வருடம் மகள் கணவனோடு ஒத்துவராமல், பேத்தியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“கோர்ட்டுக்குப் போனா போகட்டும்பா. நானும் ஒரு கை பாத்துடறேன்” என்றாள்.

என் பிடிவாதம், அவள் அம்மாவின் வாய். எனக்குக் கவலையாகிவிட்டது.

மருமகன் வழக்குப் போட்டார். நோட்டீசில் முகவரியைப் பார்த்த எழுத்தர், “உங்க தெருதான் சார். சாப்பிடப் போறப்ப அப்படியே குடுத்துட்டு வந்துடுங்க” என்றார். என் மகள் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மனுவைப் படித்தேன். குழந்தையையும் கேட்டிருந்தார். ஐந்து வயதுக் குழந்தை எங்கேயும் வளரும். வராந்தாவில் மட்டும் வளரக் கூடாது.

முறை தவறக் கூடாதென்று என் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“என்னப்பா, சாவிய மறந்துட்டுப் போயிட்டீங்களா?”

ஆமாம் என்றேன். அவள் பரிமாறினாள், சாப்பிட்டேன். நோட்டீஸ் சட்டைப் பையில் இருந்தது. அலுவலகம் திரும்பி, வழக்கமாக எழுதுவதை எழுதினேன்.

நாலே மாதம். மருமகன் உத்தரவோடு வந்து குழந்தையைக் கூட்டிப்போனார். வாக்குவாதத்துக்கே இடமில்லை. குழந்தை தெருமுனை வரை அழுதது. பிறகு கேட்கவில்லை.

நேற்று மகள் வழக்கின் நகல்களை வாங்கி வந்தாள். ஒரு தாளை மட்டும் எடுத்து என் முன்னால் வைத்தாள். முத்திரைக்குக் கீழே என் எழுத்து. திருத்தமான எழுத்து.

“அப்பா, நான் எப்பப்பா வாங்க மாட்டேன்னு சொன்னேன்?”