அரைக் கட்டை இறக்கம்

பேட்டரி முழுதாக ஏறாமல் எந்தக் கருவியின் மென்பொருளிலும் கைவைக்கக் கூடாது. இதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். பாதி வேலையில் சார்ஜ் தீர்ந்துபோனால் அப்புறம் அது பாட்டு பாடாது; பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொள்ளலாம்.

பஜனை மண்டலியின் காரியதரிசி பத்மஜா, நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறாள். கேட்டது நியாயம். ஒரு பக்கம் என்றதுதான் நியாயமில்லை. முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் குறிப்பு எழுதியவனுக்குப் பின்னணி சொல்லாமல் எழுத வராது.

என் பெயர் அனந்தநாராயணன். வயது அறுபத்து மூன்று. ஸ்ரீவராகம் குளத்துக்குத் தெற்கே மூன்றாவது வீடு. பென்ஷன் வாங்கத் தொடங்கியதிலிருந்து, பழைய கையடக்க மியூசிக் பிளேயர்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் பொழுதுபோக்கு. கம்பெனி போட்டுக் கொடுத்த உள் மென்பொருளை எடுத்துவிட்டு, ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய வேறொன்றை அதில் ஏற்றுவோம். ஃபர்ம்வேர் மாற்றுவது என்பார்கள். இதற்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. அங்கே நான் ஆயிரத்து நூறு பதில்கள் எழுதியிருக்கிறேன். அதில் எண்ணூறு, 'ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்' என்பது. பின்லாந்தில் ஒருவர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

கல்யாணராமன் அண்ணாவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். எழுபத்தொரு வயது. இருபத்தாறு வருஷமாக மண்டலியை முன்னின்று பாடி நடத்துகிறவர். வருஷா வருஷம் நடக்கும் ராதா கல்யாண உற்சவம் என்றால் அவர் குரல்தான். அவருக்குக் காது அப்படி என்று தெருவே சொல்லும். குக்கர் விசில் அடித்தால் அதன் சுருதி 'நாலு கட்டை' என்பார். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, ஹார்ன் சத்தத்தை வைத்தே வித்துரா பஸ் வருகிறது என்பார், வரும். பஸ்ஸில் போர்டு எழுதி வைத்திருக்கிற ஊரில் இந்தத் திறமை எதற்கு என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் பத்மஜா வீட்டு வாசலைக் கடக்கும்போது, உள்ளே ஓடும் மிக்சியின் சத்தம் அரைக் கட்டை இறங்கிவிட்டது, மோட்டார் போகப் போகிறது என்றார். மூன்றாம் நாள் தேங்காய்ச் சட்னி பாதி அரைபடும்போது போயிற்று.

மூன்று வருஷம் முன்பு ஒரு சனிக்கிழமை மாலை, பஜனை மடத்தில் நான் ஒரு நாமாவளியை எடுத்துப் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். இரண்டாவது அடியில் அண்ணா கையை உயர்த்தினார்.

"அனந்து, இன்னிக்கு நீ ஜால்ரா மட்டும் போடு, கேட்டயா. பாட்டை நாங்க பாத்துக்கறோம்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். நாற்பது பேர் நடுவில் அன்பாகச் சொன்னார். அந்த 'இன்னிக்கு' மூன்று வருஷம் நீண்டது. வீட்டுக்கு வந்து என் மனைவி வாலாம்பாளிடம் சொன்னேன். "அண்ணா சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு அவள் தோசை வார்க்கப் போய்விட்டாள்.

இந்த வருஷம் மழைக்காலத்தில், பூனாவில் இருக்கும் அண்ணாவின் மகன் ஜெயந்த் ஒரு பழைய பிளேயரை அனுப்பினான். அண்ணா பாடிய பழைய ராதா கல்யாணக் கேசட்டுகளை எல்லாம் அதில் ஏற்றியிருந்தான். பார்சலில் அடிபட்டதோ என்னவோ, பிளேயர் கம்பெனியின் படத்தைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது. அண்ணா அதை ஒரு துண்டில் பொதிந்து, அடிபட்ட அணிலைக் கொண்டுவருவதுபோல் என்னிடம் கொண்டுவந்தார்.

நான்கு மணி நேரம் ஆயிற்று. முதலில் கேபிளை மாற்றினேன். பிறகு இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தி எழுப்பினேன். பிறகு பழைய மென்பொருளைத் துடைத்து, எங்கள் மன்றத்துப் புதியதை ஏற்றினேன். அந்தப் பிளேயரில் உள்ளேயே கொஞ்சம் இடம் உண்டு, பக்கவாட்டில் ஒரு மெமரி கார்டும் உண்டு. பாட்டெல்லாம் கார்டில் பத்திரமாக இருந்தது. அண்ணாவின் குரல் வந்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீ இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் அனந்து? உன் கைக்கு ஒரு ராசியாக்கும்."

எனக்கும் மனசு இளகியது. ஏறக்குறைய பத்து நிமிஷம் அப்படியே இருந்தது.

எங்கள் ஃபர்ம்வேரில் ஒரு வசதி இருக்கிறது. பாட்டின் சுருதியை நூறு சதவீதத்திலிருந்து ஏற்றலாம், இறக்கலாம். ஒரு சிறிய செட்டிங் ஃபைலில் எண்ணை மாற்றி எழுதினால் போதும். அண்ணா எப்போதும் ஒண்ணரைக் கட்டையில் பாடுகிறவர். வாரம் ஒரு சதவீதம் சொச்சம் இறக்கிக்கொண்டே வந்தால், ஐந்து வாரத்தில் அவர் குரலே அவருக்கு ஒரு கட்டையில் கேட்கும். இம்மி பிசகினாலும் கண்டுபிடிக்கிற காது அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கலாம். இது ஒரு பரிசோதனை. பகை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, வெள்ளிக்கிழமை தோறும் 'மெயின்டனன்ஸ்' என்று சொல்லிப் பிளேயரை வாங்கி வருவேன். கம்ப்யூட்டரில் மாட்டி, எண்ணைக் குறைத்து, ஃபைலைக் கார்டில் போட்டுவிட்டு, ஒரு பாட்டு கேட்டுப் பார்ப்பேன். பிளேயரின் திரையில் சுருதி எண்ணைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதை நான் திறக்கவில்லை. காது இருக்கும்போது திரை எதற்கு?

கேட்டதை அன்றன்றே நோட்டில் குறித்து வைத்தேன். முதல் வாரம்: 'நூலிழை இறக்கம். தெளிவாகத் தெரிகிறது.' இரண்டாம் வாரம்: 'குரலில் லேசான சோர்வு.' மூன்றாம் வாரம்: 'ஜலதோஷம் பிடித்தவர் பாடுவதுபோல் இருக்கிறது.' நான்காம் வாரம்: 'சகிக்கவில்லை.' ஐந்தாம் வாரம் கேட்டு முடிக்கவே எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவு இறங்கியிருந்தது.

வாலாம்பாளையும் கேட்கச் சொன்னேன். "எப்பவும் போலத்தான் இருக்கு" என்றாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டேனே தவிர, வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் ராத்திரி சாப்பாடு வேண்டும்.

ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் சனிக்கிழமைகளில்தான். பிளேயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அண்ணா கண்ணை மூடிக் கேட்பார், தொடையில் தாளம் போடுவார். "ஒண்ணரைக் கட்டை, இம்மி நகரலை பாத்தயா?" என்பார். நான் தலையாட்டுவேன். அரைக் கட்டை இறங்கிக் கிடக்கிறது, மனுஷன் தாளம் போடுகிறார். மிக்சிக்கு நாள் குறித்த காது!

ராதா கல்யாணத்துக்கு நான்கு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் விஷயத்தைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. பிளேயரை ஸ்பீக்கரில் மாட்டி, அண்ணாவிடம் இது என்ன சுருதி என்று கேட்டேன். ஒண்ணரை என்றார். வாரா வாரம் நான் சுருதியை இறக்கிவைத்ததைச் சொல்லி, நோட்டை எடுத்துத் தேதிவாரியாகப் படித்தேன்.

அண்ணா மறுபடி போடச் சொன்னார். ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு ஒண்ணரையாத்தான் கேக்கறது" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "மெஷின் பொய் சொல்லாது. அப்போ எனக்குத்தான் போயிடுத்து."

ஹார்மோனியம் வாசிக்கும் கிருஷ்ணகுமார் சுருதியை ஒத்துப் பார்க்கப் பெட்டியைத் திறக்கக் கைநீட்டினார். அண்ணா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் கிருஷ்ணகுமார். அதையும் கேட்டு நான் தெரிஞ்சுக்கணுமா? போறும்." தன் ஜோடித் தாளத்தை என் முன்னால் வைத்துவிட்டு, செருப்பைக்கூட மறந்து வீட்டுக்கு நடந்தார். செருப்பை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது.

அடுத்த இரண்டு வாரம் அவர் பாடவில்லை. குளித்துவிட்டு வரும்போது முணுமுணுக்கும் வழக்கமும் நின்றது. காது டாக்டரிடம் போனார். இருபது வயசுக்காரனின் காதுபோல் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். "பாவம், நல்ல மனுஷன், ஆறுதல் சொல்றார்" என்று அண்ணா இன்னும் உடைந்துபோய்த் திரும்பினார். பத்மஜாவின் புது மிக்சி கீச்சிட ஆரம்பித்ததை வாசலில் நின்று கேட்டிருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதுவும் எரிந்துபோயிற்று. அதற்கு நான் பொறுப்பல்ல. 'இனி எனக்கு எதுக்கு' என்று பிளேயரைக் கிருஷ்ணகுமாரின் மகள் அஸ்வதியிடம் கொடுத்துவிட்டார். டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்.

மண்டலியைத் தலைமையில்லாமல் விட முடியாதே, அந்த இரண்டு சனிக்கிழமையும் நானே முன்னின்று பாடினேன். முதல் வாரம் நாற்பது பேர் வந்து பதினொரு பேர் மிஞ்சினார்கள். மழை வேறு. இரண்டாம் வாரம் வந்ததே நாலு பேர். அன்று மழை இல்லை, வெயில் அதிகம். கிருஷ்ணகுமார் நடுப்பாட்டில் விரல் சுளுக்கிவிட்டதாகச் சொல்லிப் பெட்டியை மூடினார். வாலாம்பாளுக்குச் சனிக்கிழமை ஐந்தரைக்குச் சரியாகத் தலைவலி வந்தது. மடத்துப் பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு எதிர்வீட்டுக்குக் குடிபோயிற்று. பூனைகள் மழைக்காலத்தில் அப்படித்தான்.

மூன்றாவது சனிக்கிழமை அஸ்வதி பிளேயரோடு வந்தாள். அண்ணாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தாள். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, சுருதி காட்டும் செயலியைத் தன் போனில் திறந்து எல்லாருக்கும் காட்டினாள். கிருஷ்ணகுமாரும் ஹார்மோனியத்தில் ஒண்ணரைக் கட்டையை அழுத்தினார். விரல் குணமாகியிருந்தது. இரண்டும் ஒன்றாக இழைந்தன.

"அங்கிள், ஒண்ணும் மாறலை, கேட்டோ" என்றாள் அஸ்வதி. "நீங்க செட்டிங் ஃபைலைப் போட்டது கார்டுல. இந்தப் பிளேயர் உள் மெமரியில இருக்கற ஃபைலை மட்டும்தான் வாசிக்கும். நீங்க போட்டதை அது ஒரு பிராவஸ்யம்கூட, ஒரு தடவைகூட, திறந்து பாக்கலை. அஞ்சு வாரமும் நூறு சதவீதம்தான்."

அண்ணாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. யாரோ அழுதார்கள், வாலாம்பாள் என்று நினைக்கிறேன். அண்ணா நேராக என்னைப் பார்த்தார்.

"அனந்து, அஞ்சு வாரமும் இறங்கித்துன்னு கேட்டயோ?"

"கேட்டேன் அண்ணா."

"ஒவ்வொரு வாரமும்?"

"ஒவ்வொரு வாரமும்."

அவர் அதே அன்போடு என் கையிலிருந்த தாளத்தை வாங்கிக்கொண்டார். "அப்போ ஜால்ராவும் வேண்டாம்டா, கேட்டயா. நீ பிரசாதம் பாத்துக்கோ."

அன்று அவர் பாடினார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். பூனையும் திரும்பி வந்தது.

இதுவரை பின்னணி. இனி விஷயத்துக்கு வருகிறேன். மண்டலியின் மினிட்ஸ் புத்தகத்தில் பத்மஜா இப்படி எழுதியிருக்கிறாள்: 'பிளேயரில் எந்த மாற்றமும் நடக்கவில்லை என்று தெரியவந்ததால், அனந்தநாராயணன் ஒன்றும் செய்யவில்லை என்று கமிட்டி கருதுகிறது.' நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறாள். ஆனால் இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

நான் செய்தேன். ஒரு பெரிய மனிதரை, அவருக்குத் தெரியாமல், திட்டமிட்டு, வாரம் ஒரு சதவீதம் சொச்சமாக அரைக் கட்டை இறக்கினேன். நாற்பது பேர் முன்னால் அவர் காதை அவரே நம்பாதபடி செய்தேன். தண்டனை எதுவானாலும் சரி, மண்டலியை விட்டு நீக்கினாலும் சரி. ஃபைலைத் திறக்காமலே சுருதியை இறக்குகிற பிழை ஒன்று அந்த ஃபர்ம்வேரில் இருக்கிறது என்று மன்றத்துக்கும் எழுதிவிட்டேன். பின்லாந்துக்காரர் அணைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே மேற்படி வரியை அடித்துவிட்டு, குற்றவாளி என்று திருத்தி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். இறங்கியது உண்மை, ஐந்து வாரமும் என் காதால் கேட்டேன்.