கிழக்கு பார்த்த கேரம்போர்டு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் குப்புசாமி ஐயா அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, உப்பு படிந்த காலோடு உப்பளத்திலிருந்து நேரே வந்திருக்கும் சகோதரிகளே! எனக்கு மேடைப் பேச்சு வராது. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

வானொலி வித்தகர் இருசப்பன் அவர்கள்! அளத்தில் உப்பு வாரியவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார்? நாம்தான். ஏன் கொடுத்தோம்? மழை வருமென்று முன்னாடியே தெரிந்தால், குவித்து வைத்த உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடலாம். தெரியாவிட்டால் ஒரு மாத உழைப்பு ஒரே மழையில் கரைந்துவிடும். வானிலை சொல்லும் சென்னை நிலையமோ நம் ரேடியோவில் கரகரவென்று இரையும்.

போன வருஷம் சித்திரையில், உடைந்த கேரம்போர்டின் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு, அளத்தை ஒட்டியிருக்கும் என் வீட்டுக்கு வந்தார். மோட்டார் காயில் கம்பியை அதில் பன்னிரண்டு சுற்று சுற்றினார். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, ஸ்டேஷன் பிடிக்கும் திருகைப் பூட்டினார்.

"இதான் ஏரியல். ரேடியோவ பக்கத்துல வெச்சா போதும்க்கா."

சென்னை வடக்கே இருக்கிறதென்று சட்டத்தின் முகத்தை வடக்கே வைத்தார். நான்கு நாள் திருகினார். ஒரு சத்தம் உண்டா? "மெட்ராசுக்கு உன் மூஞ்சி புடிக்கலயா இன்னா?" என்று அவர் மனைவி சாலம்மாள் கேலி செய்தாள்!

வெள்ளிக்கிழமை வீடு கழுவினேன். சட்டம் வடக்கு பார்த்து நிற்பது என் மனசுக்கு ஒப்பவில்லை. சாமி படம் மாதிரி கிழக்கே திருப்பி, மஞ்சள் குங்குமம் வைத்தேன். பக்கத்தில் போட்டிருந்த ரேடியோ கணீரென்று பேசிற்று!

சத்தம் கேட்டு இருசப்பன் ஓடி வந்தார். "இன்னாக்கா பண்ணீங்க?"

"பொட்டு வெச்சேன்பா."

சட்டத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மெட்ராசுக்கு மூஞ்சிய காட்டக் கூடாதுக்கா, விளிம்பத்தான் காட்டணும்! நான்தான் தப்பா வெச்சிட்டேன்."

அன்று முதல் கேட்டவரிடமெல்லாம், "கண்டுபுடிச்சது தையல்நாயகி அக்கா" என்றார். இந்த மனசு யாருக்கு வரும்? பொட்டையும் அவர் அழிக்கவில்லை. அது ஆண்டவன் செயல் என்று நான் சொன்னால், "ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சீங்க" என்பார்.

பதினேழு மழைக்கு முன்கூட்டியே மூடினோம். தேதியோடு என் நோட்டில் இருக்கிறது. அவர் போன இந்தப் பதினோரு நாளில் யாரும் அந்தத் திருகைத் தொடவில்லை. முந்தாநாள் மழையில் இரண்டு அம்பாரம் கரைந்தது. அவர் இருந்திருந்தால் நம்மைச் சும்மா விட்டிருப்பாரா?

இனி தினமும் அதைத் திருகுவது என் வேலை. இந்தச் சபையில் சொல்லிவிட்டேன், இனி மாற மாட்டேன்.

மௌன அஞ்சலி என்று தலைவர் சொன்னார். மன்னியுங்கள் ஐயா, மணி ஆறே காலாகிறது, வானிலை நேரம். சட்டத்தை மேடையிலேயே கிழக்கு பார்த்து வைத்திருக்கிறேன். சாலம்மா, ரேடியோவைப் போடு. எல்லோரும் எழுந்து, பேசாமல் நின்று கேளுங்கள். மழை என்று சொன்னால் நன்றியுரைக்குக் காத்திருக்க வேண்டாம். ஓலை எடுக்க ஓடுங்கள்!