மணிக்குப் போகாத வெண்கலம்

நல்ல புத்தகம் ஏழு நாளில் தயாராகாது. அச்சகத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆசான் சரூனின் தகனத்துக்கு வந்தவர்களுக்கு நான் கொடுத்த நினைவுப் புத்தகம் முந்நூறு பக்கம், பாதிக்கு மேல் வண்ணப் படங்கள். அவர் இறந்த ஏழாம் நாளே அது எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்கிறீர்கள், ஐயா. நியாயமான கேள்வி. புத்தகத்தை வாங்கிப் போன மற்ற யாருக்கும் அது தோன்றவில்லை.

ஆசான் செய்த சிற்பங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி ஒரே புத்தகமாக எழுதுவதுதான் இருபது வருடமாக என் வேலை. அவருடைய கண்காட்சிக் கையேடுகள் எல்லாம் நான் எழுதியவை. ஒரு விடுதியில் அவருடைய மீனவன் சிலைக்குத் தங்கப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஒரு பல் மருத்துவர் வீட்டில் ஒரு பெண் சிலையின் தோளில் குடை தொங்கியது. எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அளந்து, படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டுவேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது நான் பண்ணினதா? கழுத்து சரியில்லையேம்மா" என்பார். செய்தவருக்கே ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது.

போன மழைக்காலம் முழுவதும் புத்த விகாரையில் தங்கிவிட்டு வந்தார். வந்த அன்றே சொன்னார், தன் வெண்கலங்களையெல்லாம் திரும்ப வாங்கி உருக்கி, விகாரைக்கு ஒரே மணியாக வார்க்கப் போவதாக.

"பொம்மைங்க எல்லாம் பணக்காரன் வீட்டு மாடிப்படியில தூசி தின்னுட்டு நிக்குது. மணின்னா விடியக்காலம் ஊரையே எழுப்பும், ரம்பய்."

"அப்போ நம்ம புத்தகம்?"

"கரண்ட் போனா விசிறிக்க. நல்லா கெட்டியாத்தானே இருக்கு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் கோபப்படவில்லை. சிற்பங்களை வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்று நம்பினேன். ஆனால் மணிக்கு வெண்கலம் கேட்டு வயதான ஆசான் ஒருவர் வாசலில் வந்து நின்றால் நம் ஊரில் யார் முடியாது என்பார்கள்? அரிசி ஆலை முதலாளி கித்தியிடம் நானே போய், கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"நல்லா இருக்கே நீங்க கேக்கறது! குடுத்தா அடுத்த பிறவிக்குப் புண்ணியம். குடுக்கலைன்னா இந்தப் பிறவியிலேயே என் பொண்டாட்டி வாயில விழணும்" என்று சிரித்தார். மறுநாளே லாரி அனுப்பினார். அருங்காட்சியகத்துக்காரர்கள்கூட, "பாக்கறோம், ஆசான்" என்று கைகூப்பினார்கள். அப்படிச் சொன்னால் கொடுத்துவிடுவார்கள் என்று பொருள்.

கித்தி அனுப்பியது உட்கார்ந்திருக்கும் தாய். எழுபத்தொன்பதாம் ஆண்டில் செய்தது. புத்தகத்தின் அட்டைக்கு நான் தேர்ந்தெடுத்திருந்த சிற்பம். பட்டறை முற்றத்தில் கேஸ் கட்டர் வைத்து அதை வெட்டினார்கள். ஆசானே நின்று, கழுத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்க் கஞ்சி வைத்தேன். அவருக்கு இஞ்சி நிறைய வேண்டும்.

அவருடைய இதய மாத்திரைகளைக் காலைக் கஞ்சியோடு கொடுப்பதும் நான்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. அன்றிலிருந்து அவற்றுக்குப் பதில் அதே நிறத்தில் வைட்டமின் மாத்திரை கொடுத்தேன். அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. உள்ளங்கையில் வைத்தால் வாயில் போட்டுக்கொள்வார். நான் அவருக்கு எதையும் ஊட்டவில்லை, ஐயா. நிறுத்தினேன், அவ்வளவுதான்.

அதே வாரம் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தேன். மறைந்த தேதிக்கு மட்டும் இடம் விடச் சொன்னேன். அச்சகத்துப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "அவசரமாக்கா?" என்று கேட்டான். "அவசரமில்லப்பா" என்றேன். உண்மையில் அவசரமில்லை. மணி வார்க்கக் குறித்த பௌர்ணமிக்குள் நடந்தால் போதும்.

கால் வீங்கியது. படியேறினால் மூச்சு வாங்கியது. வெயில் என்றார். டாக்டரிடம் போகலாமா என்று நான் கேட்டேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். "மணி வார்த்துட்டுப் போலாம், விடும்மா" என்றார். பெரியவர் சொன்னபின் வற்புறுத்துவது மரியாதை இல்லை. பௌர்ணமிக்கு முந்தின காலை, முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கஞ்சி பாதி குடித்திருந்தார்.

பிறகு யாரும் வெண்கலத்தைப் பற்றிப் பேசவில்லை. இறந்தவர் கைப்பட்ட பொருளை உருக்க யாருக்கு மனம் வரும்? வெட்டிய தாயைத் தவிர மற்ற எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் புரட்டிப் போய்ச் சரிபாருங்கள். தாய்க்குக் கீழே 'அழிந்தது' என்று போட்டிருக்கிறேன். என் புத்தகத்தில் பொய் கிடையாது. அவர் நினைத்தபடி விட்டிருந்தால் இப்போது விகாரையில் ஒரு மணி தொங்கும். அதை யார் செய்தது என்று பத்து வருடத்தில் யாருக்கும் தெரியாது. நான் அவரைக் காப்பாற்றியிருக்கிறேன். களைப்பாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

உங்களோடு வந்த இளைய போலீஸ் அதிகாரி முன்னுரையைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'நான் செய்ததை நான் மறந்தேன். என்னை இந்த உலகத்தில் வைத்திருப்பவள் ரம்பய்' என்று ஆசான் எழுதியிருக்கும் இடம். "இவ்ளோ மதிச்ச மனுஷனையாம்மா?" என்றார்.

அந்த முன்னுரையும் நான் எழுதியதுதான். கேட்டிருந்தால் அவரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பார்.