ஈரத்துண்டைப் பற்றிய கேள்வி

ஆடி முதல் செவ்வாய், காலை, மேட்டுப்பாளையம் பேருந்து. என் பயணக் குறிப்பில் அன்றைக்கு ஒரு வரி: "பதில் மலையாட்டக் குவிஞ்சு கெடக்குது கண்ணு, கேள்விதான் கெடைக்கல."

சொன்னவர் முன் இருக்கையிலிருந்த இரண்டு நர்சிங் முதுகலை மாணவிகளில் மூத்தவர். பழைய ஆய்வுகளையெல்லாம் தேடித் திரட்டி எழுதும் கட்டுரைக்கு அவர் வைத்த கேள்வியை வழிகாட்டி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாராம். புதுக் கேள்வியைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

"பஞ்சுத் தூசி நெஞ்சைக் கெடுக்குமான்னு கேட்டா, அது ஊருக்கே தெரியுமுங்க்கா. யாருக்கு, எதை எதோட ஒப்பிடறீங்கன்னு சொல்லோணும்" என்றார் இளையவர்.

"எங்கம்மா அன்னூர் மில்லுல இருக்கறாங்கல்ல, மாஸ்க் போட்டா மூச்சு முட்டுதுன்னு ஈரத்துண்டைத்தான் மூக்குல கட்டிக்குவாங்க."

"அதையே கேளுங்க்கா! மில்லுப் பொம்பளைங்களுக்கு ஈரத்துண்டா, மாஸ்க்கா, எதுல இருமல் கம்மி?"

மூத்தவர் கைப்பேசியில் ஆய்வுகளைத் தேடினார். பெரியநாயக்கன்பாளையம் வரை தேடிக்கொண்டே வந்தார்.

"ஒண்ணுகூட வரலை கண்ணு."

"வார்த்தைய மாத்திப் பாருங்க."

"மாத்திப்போட்டேன். துணி, துண்டு, முந்தானை வரைக்கும் போட்டாச்சு."

இளையவர் எட்டிப் பார்த்தார். "ஒலகத்துல ஒருத்தருமே கேக்கலீங்களாக்கா?"

"அம்மா இன்னைக்கும் கட்டிக்கிட்டுத்தான் போனாங்க."

இளையவர் வெற்றுத் திரையைச் சுட்டிக்காட்டினார்.

"ஒண்ணுமில்லைன்னு தேடிக் காட்டறதும் முடிவுதானுங்க்கா. அனுப்பிப்போடுங்க."

மூத்தவர் கேள்வியை அப்படியே வழிகாட்டிக்கு அனுப்பினார். உண்மையிலேயே அதை யாரும் எங்கும் ஆராயவில்லையா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.